பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் லேபில் "வரலை" என்று கை உயர்ந்தால்: அறிகுறி வாரியாகப் பழுது பார்க்கும் வழி

இளநிலை மாணவர்களுக்குப் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (மரபணு, புரத டேட்டாவைக் கணினியில் ஆராயும் துறை) ப்ராக்டிக்கல் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடத்திட்டம் எப்படி இருக்க வேண்டும், எந்தப் புத்தகம் நல்லது என்பதெல்லாம் இதில் இல்லை. லேப் நடுவில் ஒரு கை உயர்கிறது, "வரலை" என்கிறார் ஒரு மாணவர். அந்த நிமிடத்தில் முதலில் எதைப் பார்ப்பது, அது இல்லையென்றால் அடுத்து எதை, எந்த இடத்தில் நாம் நிறுத்திக்கொண்டு விஷயம் தெரிந்தவரைக் கூப்பிடுவது, அவ்வளவுதான். ஒவ்வொரு பருவத்திலும் அதே பழுதுகள் ஏறக்குறைய அதே வாரத்தில் வந்து நிற்கின்றன. வரவர ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன், இது அந்த நோட்டின் சுத்தப் பிரதி.

"இந்தப் பிள்ளைக்கு கோடிங் வராது" என்று நாம் முடிவு கட்டிவிடுகிற இடத்தில் பெரும்பாலும் பழுது ஃபைலில் இருக்கிறது, பிள்ளையிடம் இல்லை. அதனால் எந்த அறிகுறியானாலும் முதல் வேலை ஃபைலைத் திறந்து இருவரும் சேர்ந்து கண்ணால் பார்ப்பது. கீபோர்டு மாணவர் கையிலேயே இருக்கட்டும். நாம் வாங்கி அடித்தால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும், ஆனால் அடுத்த வாரம் அதே கை அதே இடத்தில் மறுபடி உயரும். எர்ரர் செய்தியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பைதான் என்றால் கடைசி வரியிலிருந்து. பல தடவை படித்து முடிப்பதற்குள்ளேயே "ஓ, இதுவா" என்று அவரே திருத்திவிடுவார்.

## அறிகுறி 1: கமாண்ட் அடித்தார், வேலை நடக்கவில்லை

முதல் சில வாரங்கள் முழுக்க இதுதான். திரையில் என்ன வந்திருக்கிறது என்பதை வைத்து வழி பிரிகிறது.

### "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்று வந்தால்

ஃபைல் இருக்கும், மாணவர் வேறு ஃபோல்டரில் நின்றுகொண்டிருப்பார். 'பிடபிள்யூடி' அடிக்கச் சொல்லுங்கள், அப்புறம் 'எல்எஸ்'. தான் எங்கே இருக்கிறோம், இங்கே என்ன இருக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

ஃபோல்டர் சரி என்றால் பெயரைப் பாருங்கள். விண்டோஸ் பெயரின் வாலை மறைத்துவிடும், அதனால் கண்ணுக்கு 'இன்சுலின்.ஃபாஸ்டா' என்று தெரிவது உண்மையில் 'இன்சுலின்.ஃபாஸ்டா.டிஎக்ஸ்டி' ஆக இருக்கும். பெயருக்கு நடுவில் இடைவெளி விட்டிருந்தால் லினக்ஸ் அதை இரண்டு மூன்று ஃபைல்களாக எடுத்துக்கொள்ளும். பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாட்டையும் அது விடாது. வாயால் சொல்லிப் பயனில்லை, டேப் கீயை அழுத்திப் பெயரைத் தானாக நிரப்பும் பழக்கத்தை முதல் நாளே ஏற்றிவிடுங்கள், இந்த வகைப் பழுதில் பெரும்பகுதி வராமலே போய்விடும்.

இதெல்லாம் சொல்லியும் ஒருவர் திரும்பத் திரும்ப இங்கேயே மாட்டினால் காரணம் வேறு. ஃபோனிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு ஃபைல் என்பது ஆப் உள்ளே எங்கோ இருக்கிற ஒன்று, தேடினால் வரும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற படமே மனதில் கிடையாது. அது அவர்கள் குறை இல்லை, யாரும் காட்டவில்லை. போர்டில் ஒரு மரம் வரைந்து, இருபது நிமிடம் அதற்குள் மேலும் கீழும் ஏறி இறங்க வையுங்கள். பாடத்திட்டத்தில் இல்லாத அந்த இருபது நிமிடம் பருவம் முழுக்கக் காப்பாற்றும்.

### "அப்படி ஒரு கமாண்ட் இல்லை" என்று வந்தால்

எழுத்துப் பிழையா பாருங்கள். இல்லையென்றால் காண்டா என்விரான்மென்ட்டை (மென்பொருள்களை ஏற்றி வைத்திருக்கும் தனி இடத்தை) ஆக்டிவேட் செய்தாரா பாருங்கள், வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குள் எந்தப் பெயர் நிற்கிறது என்பதே போதும். அதுவும் சரியென்றால் மென்பொருளே ஏற்றப்படவில்லை.

### எதுவும் வராமல் கர்சர் மட்டும் மினுங்கினால்

மேற்கோள் குறியைத் திறந்துவிட்டு மூடவில்லை, அல்லது ஃபைல் பெயரைக் கொடுக்க மறந்ததால் நிரல் கீபோர்டிலிருந்து ஏதாவது வரும் என்று காத்திருக்கிறது. கன்ட்ரோல்-சி அழுத்தி வெளியே வந்து மறுபடி அடிக்கட்டும். உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கவும் கூடும், அதனால் இன்னொரு டெர்மினலில் 'டாப்' (எந்த நிரல் ஓடுகிறது என்று காட்டும் கமாண்ட்) போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்துவது நல்லது.

### ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று "கில்டு" என்று நின்றுவிட்டது

மெமரி தீர்ந்துவிட்டது. ஆர்என்ஏ துண்டுகள் மரபணுத்தொகையில் எங்கே பொருந்தும் என்று தேடுவது ஸ்டார் மென்பொருள், மனித மரபணுத்தொகைக்கு அதில் இன்டெக்ஸ் போட 30 ஜிபி அளவுக்கு மெமரி வேண்டும், மாணவர் மடிக்கணினியில் அது இருக்காது. கணினியை மாற்றாதீர்கள், உயிரினத்தை மாற்றுங்கள். மனிதனுக்கு 310 கோடி பேஸ் (டிஎன்ஏ எழுத்து) இருக்கிறது. ஈஸ்ட்டுக்கு 1.2 கோடி பேஸ், சுமார் 6,000 மரபணு. ஈ.கோலை கே-12 வகைக்கு 46 லட்சம். மாணவர் கற்க வேண்டிய படிகள் மூன்றிலும் ஒன்றுதான், ஈஸ்ட்டில் அது லேப் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: ஒரே எர்ரர் மூன்று கணினிகளில் வந்தால் அது மாணவர் பிழை இல்லை, சிஸ்டம் அட்மினைக் கூப்பிடுங்கள். மாணவருக்கு அட்மின் கடவுச்சொல்லைக் கொடுத்து "நீயே இன்ஸ்டால் பண்ணிக்கோ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஒரு கணினியில் இருந்த பைதானைக் கலைத்துவிட்டால் அடுத்த வகுப்பும் போய்விடும்.

## அறிகுறி 2: ஃபைல் சரியாகத்தான் தெரிகிறது, மென்பொருள் ஏற்க மறுக்கிறது

மாணவர் சத்தியம் செய்வார், "நேற்று வேலை செஞ்சுது". ஃபாஸ்டா ஃபைல்தான் பெரும்பாலும், அதாவது ஒரு பெயர் வரிக்குக் கீழே டிஎன்ஏ அல்லது புரத எழுத்துத் தொடரை (சீக்வன்ஸ்) வைத்திருக்கும் சாதா டெக்ஸ்ட் ஃபைல்.

முதலில் 'ஹெட்' போட்டு மேல் பத்து வரியைப் பாருங்கள். முதல் வரி > குறியில் தொடங்குகிறதா, அதற்கு முன்னால் வெற்று வரி இருக்கிறதா, இரண்டு சீக்வன்ஸுக்கு ஒரே பெயர் இருக்கிறதா, டிஎன்ஏ கேட்கும் இடத்தில் புரதத்தைக் கொடுத்திருக்கிறாரா. இந்த நான்கில் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

பிடிபடவில்லையென்றால் அந்த ஃபைல் வேர்டு வழியாக வந்ததா என்று கேளுங்கள். வேர்டு சின்னக் கோடுகளை நீளக் கோடாக்கும், மேற்கோள் குறிகளை வளைக்கும். மாணவர் கமாண்டுகளையும் வேர்டில்தான் குறிப்பெடுத்து வைத்திருப்பார், அங்கிருந்து எடுத்து ஒட்டும்போது கமாண்டில் இருக்கும் சின்னக் கோடு வேறு எழுத்தாக மாறியிருக்கும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சாதா எடிட்டரில் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள்.

அதற்கும் கீழே ஒளிந்திருப்பது வரி முடிவு. விண்டோஸில் சேமித்த ஃபைலில் ஒவ்வொரு வரி இறுதியிலும் கூடுதலாக ஒரு எழுத்து இருக்கும், திரையில் தெரியாது. இதன் அடையாளம் இது: மரபணு ஐடி பட்டியல் ஒன்றை வைத்து இன்னொரு ஃபைலில் தேடினால் ஒன்றுகூடப் பொருந்தாது, கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். 'கேட் -ஏ' போட்டால் வரிக் கடைசியில் ^எம் என்று வெளியே வந்துவிடும். 'டாஸ்டுயூனிக்ஸ்' போட்டால் போய்விடும்.

இதைச் சும்மா சொல்லாமல் செய்து காட்ட எனக்குப் பிடித்த ஃபைல் ஃபை-எக்ஸ்174 வைரஸ். 1977இல் சாங்கர் குழு முழுமையாகப் படித்த முதல் டிஎன்ஏ மரபணுத்தொகை அது, மொத்தம் 5,386 பேஸ், வரிக்கு 70 எழுத்தாக 77 வரியில் அடங்கிவிடும். தலைப்பு வரியை நீக்கிவிட்டு 'டபிள்யூசி -சி' போட்டு எண்ணச் சொல்லுங்கள். 5,463 வரும். புத்தகத்தில் 5,386 என்று இருக்கிறதே என்று வகுப்பே குழம்பும். 77 கூடுதல் எங்கிருந்து வந்தது? வரிக்கு ஒன்றாக, வரி முடிவு எழுத்து. விண்டோஸில் சேமித்தவருக்கு மட்டும் 5,540 வந்திருக்கும், இன்னொரு 77. (ஃபைல் கடைசியில் ஒரு வெற்று வரி ஒட்டியிருந்தால் இன்னும் ஒன்றிரண்டு கூடும், அதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும்.) பக்கத்துப் பக்கத்து மேசையில் இரண்டு எண் வந்து, அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்துக் காரணத்தைத் தாங்களே கண்டுபிடித்த பிள்ளைகள் பிறகு எந்த ஃபைலையும் அப்படியே நம்புவதில்லை. அந்த ஒரு மணி நேரத்தை நான் எந்தப் பருவத்திலும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. சீக்வன்ஸ்களை எண்ண 'கிரெப் -சி' போடும்போது > குறியை மேற்கோளுக்குள் போடாமல் விட்டால், ஷெல் அதை "இந்த ஃபைலில் எழுது" என்று புரிந்துகொண்டு ஃபைலையே காலி செய்துவிடும். எச்சரிக்கையே இல்லாமல். அதனால் மூல ஃபைல்களை முதல் நாளே படிக்க மட்டும் என்று பூட்டி, வேலைக்கு நகல் கொடுங்கள்.

ஆள் தேவைப்படாத பழுது இது. நேரம்தான் தேவை.

## அறிகுறி 3: பிளாஸ்ட் தகராறு

### ஒரு ஹிட்டும் வரவில்லை

பிளாஸ்ட் என்பது ஒரு சீக்வன்ஸைக் கொடுத்தால் டேட்டாபேஸில் அதற்கு ஒத்தவற்றை (ஹிட்) தேடித் தரும் கருவி, அதில் பல வகை உண்டு. எந்த பிளாஸ்ட் என்று பாருங்கள். புரதத்தை டிஎன்ஏவுக்கான பிளாஸ்ட்-என் பெட்டியில் ஒட்டியிருப்பார். அது சரியென்றால் டேட்டாபேஸ், ஒரு குறிப்பிட்ட உயிரினத்துக்குள் மட்டும் தேட வைத்துவிட்டு மறந்திருப்பார். அதுவும் சரியென்றால் சீக்வன்ஸ் நீளம். கமாண்ட் வரியில் மெகாபிளாஸ்ட் (பிளாஸ்ட்-என்னின் வேகமான வகை) 28 எழுத்து தொடர்ந்து பொருந்தினால்தான் ஒரு இடத்தைத் திரும்பியே பார்க்கும், 20 எழுத்து பிரைமரை (குட்டி டிஎன்ஏ துண்டை) கொடுத்தால் எப்படி வரும்? குட்டி சீக்வன்ஸுக்கென்று தனி அமைப்பு இருக்கிறது, அதற்கு மாற்றச் சொல்லுங்கள்.

### இ-வேல்யூ பூஜ்யம், அதனால் "பொருந்தவில்லை"

இ-வேல்யூ என்பது இவ்வளவு நல்ல பொருத்தம் தற்செயலாக எத்தனை தடவை வரும் என்ற எதிர்பார்ப்பு. பூஜ்யம் என்றால் காட்ட முடியாத அளவுக்குச் சின்ன எண், அதாவது மிக நல்ல பொருத்தம். மதிப்பெண் பூஜ்யம் என்று பழகிய மனதுக்கு இது தலைகீழாகத்தான் படும். ஒருமுறை சொன்னால் போதாது.

### பக்கத்து மாணவருக்கு வேறு இ-வேல்யூ

அல்லது போன வருட ரெக்கார்டில் வேறு எண். டேட்டாபேஸ் வளர்ந்திருக்கிறது, அது இரண்டு மடங்கானால் அதே பொருத்தத்துக்கு இ-வேல்யூவும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ரெக்கார்டில் தேதி, டேட்டாபேஸ் பெயர் இரண்டும் இல்லாத பிளாஸ்ட் முடிவுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை, அதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

### எல்லாரும் முதல் ஹிட்டையே விடையாக எழுதுகிறார்கள்

இதுதான் மேலே உள்ள மூன்றையும்விட மோசம், ஏனென்றால் எர்ரரே வராது. 98 சதவீத ஒற்றுமை என்று எழுதியிருப்பார், அந்த ஒற்றுமை சீக்வன்ஸில் எவ்வளவு தூரத்துக்கு என்று பார்த்திருக்க மாட்டார். கவரேஜ் 12 சதவீதம். மற்ற 88 சதவீதம் எங்கே போயிற்று என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், பேசாமல் காத்திருங்கள்.

### பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது

நாற்பது பேர் ஒரே நேரத்தில் ஒரே இணைப்பிலிருந்து ஒரு பொதுச் சர்வரைத் தட்டினால் அப்படித்தான். ஸ்கிரிப்ட் வழியாக என்சிபிஐயிலிருந்து (இந்த டேட்டாபேஸ்களை நடத்தும் அமெரிக்க அரசு மையம்) பதிவுகளை எடுப்பதற்கு வரம்பு இருக்கிறது: ஏபிஐ கீ (அவர்கள் தரும் அடையாளக் குறியீடு) இல்லாமல் நொடிக்கு 3, இருந்தால் 10. ஒரு மாணவரின் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் பகுதி) நடுவில் இடைவெளி விடாமல் ஓடினால் முழு லேபும் மாட்டும். லூப்புக்குள் ஒரு நொடி உறங்க வையுங்கள். இன்னும் நல்லது, சின்ன டேட்டாபேஸ் ஒன்றை லேப் கணினியிலேயே கட்டி வைப்பது, ஈஸ்ட் புரதங்கள் அத்தனையும் சில எம்பிதான்.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: உங்கள் முகவரியே தடுக்கப்பட்டிருந்தால் மறுபடி மறுபடி முயலாமல் நெட்வொர்க் பார்ப்பவரிடம் சொல்லி, சர்வர் நடத்துபவர்களுக்கு அவர் மூலம் எழுதுங்கள்.

## அறிகுறி 4: "எனக்கு வந்த எண்ணும் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை"

இந்த அறிகுறியில் மாணவர் பெரும்பாலும் சரியாகவே செய்திருப்பார். அதனாலேயே கவனமாக இருங்கள். தான் சரியாகச் செய்த வேலையைத் தவறு என்று நினைத்து அழித்துவிட்டு, புத்தக எண்ணுக்கு ஏற்ப மாற்றி எழுதிவிடுவார். அப்படி ஒருவர் அழிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அழிரப்பரின் தடம் ரெக்கார்டில் அப்படியே இருந்தது, அழித்ததுதான் சரியான விடை.

சிக்கிள் செல் (அரிவாள் செல் ரத்தச்சோகை) மாற்றத்தை எடுத்துக்கொள்வோம், எல்லாப் பாடத்திலும் வருவது. பீட்டா குளோபின் புரதத்தில் 6ஆம் இடத்தில் குளுட்டமிக் அமிலம் போய் வேலின் வருகிறது என்று புத்தகம் சொல்லும். மாணவர் அந்தப் புரதத்துக்கான எச்பிபி மரபணுவின் சீக்வன்ஸை இறக்கி, மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலமாக எண்ணுகிறார்: ஏடிஜி, ஜிடிஜி, சிஏடி, சிடிஜி, ஏசிடி, சிசிடி, ஜிஏஜி. குளுட்டமிக் அமிலத்தின் ஜிஏஜி ஏழாவதாக வருகிறது.

### ஒன்று கூடுகிறது அல்லது குறைகிறது

6ஆ 7ஆ? இரண்டும் சரி. முதலில் இருக்கும் மெத்தியோனின் முதிர்ந்த புரதத்தில் வெட்டப்பட்டுவிடும். விஞ்ஞானி வெர்னன் இங்க்ராம் 1957இல் இந்த அமினோ அமில மாற்றத்தைக் காட்டியபோது கையில் இருந்தது புரதம், மரபணு இல்லை. புரதத்தில் எண்ணும் மரபில் 6, இன்றைய பெயரிடும் முறையில் மெத்தியோனினையும் சேர்த்து 7.

அதே மாற்றம் கோடிங் சீக்வன்ஸில் (மரபணுவில் புரதமாக மாறும் பகுதியில்) 20ஆவது எழுத்து. பைதானில் அந்த எழுத்தை எடுக்க 19 என்று கேட்க வேண்டும், பைதான் பூஜ்யத்திலிருந்து எண்ணும். இன்னொரு நிரல் மொழியான 'ஆர்' 1இலிருந்து எண்ணும், அங்கே 20. மாற்றங்களைப் பட்டியலிடும் விசிஎஃப் ஃபைலில் இதே இடம் 11ஆம் குரோமோசோமில் 5227002. இடங்களைக் குறிக்கும் பெட் ஃபைலில் 5227001இல் தொடங்கி 5227002இல் முடியும். ஒன்று வித்தியாசம் வந்தால் முதலில் கேட்க வேண்டியது: இந்த ஃபைல் எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது?

### பெரிய வித்தியாசம்

இன்னொரு மாணவர் 5248232 என்கிறார். அவரும் சரி. அவர் மனித மரபணுத்தொகையின் பழைய ஜிஆர்சிஎச்37 பதிப்பில் பார்க்கிறார், முதல் மாணவர் ஜிஆர்சிஎச்38 பதிப்பில். 2013இல் புதியது வந்தபோது ஏறக்குறைய எல்லா முகவரியும் நகர்ந்துவிட்டது. எந்தப் பதிப்பு என்று எழுதாத குரோமோசோம் எண், கதவு எண் இருந்து தெருப் பெயர் இல்லாத முகவரி.

### எழுத்துகளே வேறு

ஜீனோம் பிரவுசரில் (குரோமோசோமை எழுத்து எழுத்தாகக் காட்டும் இணையதளத்தில்) அந்த இடத்துக்குப் போனால் ஜிஏஜி இல்லை, சிடிசி இருக்கிறது. மாற்றமும் ஏ-இலிருந்து டி இல்லை, டி-இலிருந்து ஏ. மாணவர் தவறான இடத்துக்குப் போய்விட்டதாகப் பதறுவார். எச்பிபி எதிர் இழையில் இருக்கிறது, பிரவுசர் நேர் இழையைக் காட்டுகிறது. ஒரு தாளில் சிடிசி என்று எழுதி, கீழே ஜோடி எழுத்துகளைப் போட்டு, வலமிருந்து இடமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஜிஏஜி. தாளில்தான் செய்ய வேண்டும், மென்பொருளில் ஒரு பட்டனை அழுத்தித் திருப்பிக் காட்டினால் மனதில் நிற்காது.

### எர்ரர் இல்லை, விடையும் இல்லை

இரண்டு ஃபைலைச் சேர்த்துப் பொதுவான இடங்களைத் தேடினால் வெற்று ஃபைல் வருகிறது. ஒன்றில் 'சிஎச்ஆர்11', இன்னொன்றில் வெறும் '11'. மென்பொருளுக்கு அவை இரண்டும் வேறு குரோமோசோம்கள். மாணவர் "பொதுவாக எதுவும் இல்லை" என்று முடிவு எழுதிவிடுவார், அதுதான் பயம். வெற்று விடை வந்தால் அதை நம்புவதற்கு முன், நிச்சயமாகப் பொருந்த வேண்டிய ஒரு வரியைக் கையால் போட்டுச் சோதிக்கப் பழக்குங்கள்.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: இதில் ஒன்று முக்கியம். மாணவர் தன்னுடைய அல்லது வீட்டாருடைய மரபணு அறிக்கையைக் கொண்டுவந்து "இதைப் பார்க்கலாமா" என்று கேட்டால் லேபில் பார்க்காதீர்கள். ஏதாவது கண்ணில் பட்டு அவர் முகம் மாறிவிட்டால் அதற்கு மேல் என்ன சொல்வது என்ற பயிற்சி நமக்கு இல்லை. மரபியல் ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அனுப்புங்கள். பயிற்சிக்கு எப்போதும் பொதுவில் கிடைக்கும் டேட்டா மட்டும்.

## அறிகுறி 5: மரபணுப் பட்டியலில் தேதிகள் முளைத்திருக்கின்றன

எக்செல்லில் திறந்து சேமித்திருக்கிறார். மார்ச்1, செப்ட்2 போன்ற பெயர்களை அது மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதியாக மாற்றிவிடும். இது மாணவர்களுக்கு மட்டும் வருவதில்லை. 2004இலேயே ஆய்விதழில் எச்சரித்தார்கள், 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாகக் கண்டது. கடைசியில் 2020இல் மனித மரபணுப் பெயரிடும் குழு பெயர்களையே மார்ச்எஃப்1, செப்டின்2 என்று மாற்றியதை அறிவித்தது. பழைய ஃபைல்கள் பழைய பெயரோடு இன்னும் இருக்கின்றன.

சரிபார்ப்பு: மரபணுப் பெயர் இருக்கும் பத்தியை (நெடுவரிசையை) அகரவரிசையில் அடுக்கினால் தேதிகள் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். தீர்வு: சேமித்ததைத் திருத்த முயலாமல் மூல ஃபைலுக்குப் போவது, இம்போர்ட் செய்யும்போது அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று குறிப்பது.

## அறிகுறி 6: எல்லா மரபணுவும் "சிக்னிஃபிகன்ட்"

இரண்டு குழுக்களுக்கு இடையே எந்த மரபணுவின் செயல்பாடு மாறுகிறது என்று தேடும் பயிற்சியில் வருவது இது. திருத்தப்படாத பி-வேல்யூ (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) பத்தியைப் பார்த்திருக்கிறார். 20,000 மரபணுவை 0.05 என்ற கோட்டில் சோதித்தால், எந்த வித்தியாசமும் இல்லாத டேட்டாவிலும் 1,000 மரபணு கோட்டைத் தாண்டும். இதை நம்பவைக்க வாதம் வேண்டாம், கட்டுப்பாட்டுக் குழு, சோதனைக் குழு என்ற பெயர்ச்சீட்டுகளைக் குலுக்கி மாற்றி ஓட்டச் சொல்லுங்கள். அர்த்தமே இல்லாத குழுக்களிலும் பட்டியல் நீளமாக வருவதை அவரே பார்ப்பார். அப்புறம் பெஞ்சமினி-ஹாக்பெர்க் முறையில், இத்தனை சோதனைகளையும் கணக்கில் எடுத்துத் திருத்திய பத்தியைக் காட்டுங்கள்.

அதற்கு நேர்மாறாக, ஒன்றுமே தேறவில்லை என்றால் ரெப்ளிகேட் (ஒரே குழுவில் எடுத்த தனித்தனி மாதிரிகள்) எத்தனை என்று பாருங்கள். குழுவுக்கு ஒன்றே ஒன்று என்றால் எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஃபாஸ்ட்க்யூசி (சீக்வன்ஸிங் டேட்டாவின் தரத்தைச் சோதிக்கும் மென்பொருள்) அறிக்கையில் சிவப்பு வந்துவிட்டது என்று பயப்படுபவர்களும் இங்கே வருவார்கள். ஆர்என்ஏ டேட்டாவில் ஒவ்வொரு ரீடின் (இயந்திரம் படித்த துண்டின்) முதல் பத்துப் பன்னிரண்டு எழுத்துகளில் விகிதம் கோணலாகத் தெரிவது சாதாரணம், நூலகம் தயாரிக்கும்போது போடும் சின்ன பிரைமர்களால் வருவது அது. அந்தச் சிவப்பை அழிக்க ரீடை வெட்டிக்கொண்டே போன மாணவரிடம் கடைசியில் வரைபடத்தில் சிவப்பு இல்லை, கையில் டேட்டாவும் இல்லை.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்குச் சொந்தமாக மாதிரி எடுக்கப் போகிறார்கள் என்றால் புள்ளியியல் துறையில் ஒருவரிடம் மாதிரி எடுப்பதற்கு முன்பே உட்கார வையுங்கள். சீக்வன்ஸிங் செலவு போன பிறகு அவராலும் உதவ முடியாது.

## அறிகுறி 7: பரிணாம மரம் விபரீதமாக வருகிறது

ஒரு கிளை மட்டும் ஊரைத் தாண்டி நீண்டிருந்தால் அந்த சீக்வன்ஸ் தவறானது, அல்லது எதிர் இழை, அல்லது வேறு மரபணு. அலைன்மென்ட்டை (சீக்வன்ஸ்களை ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்திய ஃபைலை) திறந்து அந்த வரியைப் பாருங்கள், உடனே தெரியும். எல்லாமே குழப்பமாக இருந்தால் அலைன் செய்யாமலே மரம் போட்டிருப்பார்.

மரம் சரியாக வந்து, படிப்பது தவறாக இருப்பது இன்னொரு வகை. நுனியில் மேலும் கீழுமாகப் பக்கத்தில் இருப்பவை உறவு என்று நினைப்பார்கள். நான் குச்சியும் நூலும் வைத்து ஒரு மரத்தைக் கட்டித் தொங்கவிட்டு, முடிச்சில் விரலால் திருப்பிவிடுவேன். தவளைக்குப் பக்கத்தில் இருந்த மீன் நகர்ந்து ஓரத்துக்குப் போய்விடும், எந்த நூலும் அறுபடவில்லை. அதைப் பார்த்த பிறகு பொதுவான முடிச்சைத் தேடும் பழக்கம் தானாக வருகிறது.

## அறிகுறி 8: பாதி வகுப்பு பத்து நிமிடத்தில் முடித்துவிட்டது, பாதி வகுப்பு வாய் திறக்கவில்லை

எல்லாவற்றிலும் கடினம் இது, ஃபைலைத் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

தட்டச்சு வேகத்தை முதலில் கவனியுங்கள். மெதுவாக அடிப்பவர் மெதுவாக யோசிப்பவர் இல்லை. இரண்டு பேரை ஒரு கணினியில் உட்கார வைத்து, ஒருவர் சொல்ல ஒருவர் அடிக்க, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். மாற்றச் சொல்லி நீங்களே குரல் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகமானவரே கடைசிவரை அடிப்பார்.

### கோட் ஓடுகிறது, கேட்டால் சொல்லத் தெரியவில்லை

நண்பரிடமிருந்தோ ஏஐயிடமிருந்தோ வந்திருக்கும். திட்டாதீர்கள். ஒரு வரியைக் காட்டி, "இதை நீக்கினால் என்ன ஆகும், ஓட்டாமல் சொல்" என்று கேளுங்கள். சொல்லிவிட்டால் எங்கிருந்து வந்திருந்தாலும் அது அவருடையதாகிவிட்டது. சொல்ல முடியாவிட்டால் சரியான நிரலின் வரிகளைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கிக் கொடுங்கள், வரிசைப்படுத்தட்டும். வெற்றுத் திரையைப் பார்த்து உறைந்துபோகிறவர்கள்கூட இதில் கையை நீட்டுகிறார்கள். ஏஐ கொடுத்த அக்செஷன் எண்களை (டேட்டாபேஸ் பதிவு எண்களை) மட்டும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வையுங்கள். இல்லாத எண்ணோ, வேறு ஏதோ உயிரினத்தின் எண்ணோ வந்து நிற்பதை ஒருமுறை நேரில் பார்த்தால் போதும்.

### உயிரியல் மாணவர் கோடிங்கைப் பார்த்துப் பயப்படுகிறார், கணினி மாணவர் உயிரியலைப் பார்த்து

இருவரையும் ஜோடி சேருங்கள், ஆனால் வேலையைப் பிரித்துக்கொள்ள விடாதீர்கள். ரெக்கார்டில் கணினி மாணவர் உயிரியல் விளக்கத்தை எழுத வேண்டும், உயிரியல் மாணவர் கோட் விளக்கத்தை. முதல் வாரம் இரண்டு பக்கமும் முணுமுணுப்பு இருக்கும். மூன்றாம் வாரம் "ஸ்டாப் கோடான் நடுவுல வந்தா லூப் நிக்கணும்ல" என்று கணினி மாணவர் கேட்பதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பாடமே நடத்துகிறேன்.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: நான்கைந்து வாரம் ஆகியும் லூப் பிடிபடாதவர்களுக்கு நிரலாக்கம் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட சக ஆசிரியரிடம் இரண்டு வகுப்பு கேளுங்கள். அவர்களிடம் நம்மிடம் இல்லாத பத்து உவமைகள் இருக்கும். மாணவர் லேபுக்கு வருவதையே நிறுத்திவிட்டால் அது லூப் பிரச்சினை இல்லை. வருகைப்பதிவு பற்றிக் கடிதம் அனுப்புவதற்கு முன் கல்லூரி ஆலோசகரிடம் பேசுங்கள்.

## அறிகுறி 9: தேர்வு நாளில் இணையம் போய்விட்டது

இதற்கு அன்றைக்கு மருந்தில்லை, முந்தின நாள்தான். தேர்வுக்கு வேண்டிய ஃபைல் அத்தனையும், கட்டிய குட்டி டேட்டாபேஸும் ஒவ்வொரு கணினியிலும் இருக்கட்டும், இன்னொரு பிரதி பென்டிரைவில். பிளாஸ்ட் முடிவுப் பக்கங்களை முன்கூட்டியே சேமித்துத் தாளிலும் எடுத்து வையுங்கள். முடிவை விளக்கும் கேள்விக்கு இணையம் தேவையே இல்லை. நகலெடுத்த பிறகு எம்டி5 எண்ணை (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணை) ஒப்பிடுங்கள், பாதியில் அறுந்த நகல் அளவில் சரியாகத் தெரிந்து உள்ளே குறைபட்டிருக்கலாம். கடைசியாக, மாணவர் கணக்கில் நுழைந்து, ஆசிரியர் கணக்கில் இல்லை, ஒவ்வொரு கேள்வியையும் ஒருமுறை முதலிலிருந்து கடைசிவரை நீங்களே செய்து பாருங்கள். நம் கணக்கில் ஓடுவது அவர்கள் கணக்கில் "அனுமதி இல்லை" என்று நிற்பது எப்போதும் தேர்வு தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில்தான் தெரியவரும்.